"இரும்புதானே, தாங்கும்!"

சென்ற மழைக்காலத்தில் நண்பர் ஒருவருடன் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போயிருந்தேன். மலையடிவாரத்தில் அவருக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. மழை பெய்தால் தோட்டத்துப் பாதை சேறாகிவிடும். அவருடைய ஜீப் வாரம் ஒருமுறையாவது புதைந்துவிடும். அதற்காகவே ஜீப்பின் முன்புறத்தில் ஒரு வின்ச் பொருத்தியிருந்தார். அது பம்பருக்கு மேலே உயரமாக நின்றது. அதைக் கீழே இறக்கிப் பொருத்த வேண்டும் என்பது அவர் விருப்பம்.

பட்டறைக்காரர் சாக்பீஸை எடுத்தார். கண்ணளவாகப் பம்பரின் நடுவில் ஒரு பெரிய சதுரம் போட்டார். "இதை வெட்டி எடுத்துட்டா வின்ச் உள்ளே உட்கார்ந்துடும் சார்" என்றார். கேஸ் கட்டிங் குழாயைப் பற்றவைக்கும் முன் நான் கேட்டேன்: "இவ்வளவு வெட்டினால் மிச்சம் இருப்பது தாங்குமா, பார்த்தீர்களா?"

"இரும்புதானே சார், தாங்கும்!" என்று சிரித்தார்.

மாணவ நண்பர்களே, இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. வின்சைக் கீழே இறக்குவது நல்லதுதான். ஆனால் ஏன் நல்லது, எதுவரை நல்லது, அதற்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்த்த பிறகே இரும்பை வெட்ட வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் திருப்புத்திறன் போதும்.

வின்ச் என்பது என்ன?

மோட்டாரால் சுழலும் ஓர் உருளை. அதில் சுற்றப்பட்ட எஃகுக் கம்பிக் கயிறு. இவ்வளவுதான் வின்ச். வண்டி புதைந்துவிட்டால் கயிற்றை இழுத்துக்கொண்டு போய், எதிரே உள்ள பெரிய மரத்தில் அகலமான வார் ஒன்றைச் சுற்றி, அதில் கொக்கியை மாட்டுவார்கள். மோட்டாரை ஓட்டியதும் கயிறு உருளையில் சுற்றிக்கொள்ளும். மரம் நகராது, ஆகவே வண்டி நகரும். தன் கையைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டு மேலேறுவது போல வண்டி சேற்றைவிட்டு வெளியே வந்துவிடும்.

இவற்றில் புகழ்பெற்ற ஒன்று, அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் 1974-இல் அறிமுகப்படுத்திய 8274 என்னும் வின்ச். அதன் இழுவிசை 8,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 3,600 கிலோகிராம் எடைக்குச் சமம். இதில் மோட்டார் உருளைக்குப் பக்கத்தில் படுத்திருக்காமல் மேலே நிமிர்ந்து நிற்கும். வேகமாக இழுக்கக்கூடியது, உறுதியானது என்று பெயரெடுத்தது. ஆனால் உயரம் அதிகம். பம்பரின் மேல் அப்படியே வைத்தால் ரேடியேட்டருக்கு முன்னால் சுவர் எழுப்பியது போல் நிற்கும். எனவே இதை வாங்கியவர்களில் பலர் பம்பரை வெட்டி, இதைத் தாழ்வாக உட்காரவைக்க முயன்றிருக்கிறார்கள். என் நண்பரின் வின்சும் இதே வடிவமைப்பைச் சேர்ந்ததுதான்.

ஒரு பெட்டியும் ஒரு நூலும்

கணக்குக்குப் போகுமுன் ஒரு சிறு சோதனை. உயரமான அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, அதில் கொஞ்சம் மணலோ அரிசியோ நிரப்பி, சொரசொரப்பான துணி விரித்த மேசையின் மேல் நிறுத்துங்கள். பெட்டியின் மேல் விளிம்பில் நூல் கட்டிக் கிடையாக இழுத்துப் பாருங்கள். பெட்டி நகராது, முன்பக்கமாகக் கவிழும். இப்போது நூலை அடியில் கட்டி அதே போல இழுங்கள். பெட்டி கவிழாமல் நகர்ந்து வரும்.

இழுக்கும் கை அதேதான், பெட்டியும் அதேதான். மாறியது நூலின் உயரம் மட்டும். கிராமத்தில் இருப்பவர்கள் டிராக்டரின் பின்புறத்தைக் கவனித்தால் இதே பாடம் அங்கும் தெரியும். கலப்பையையோ டிரெய்லரையோ மாட்டும் கொக்கி பின் அச்சுக்குக் கீழே, தாழ்வாகவே இருக்கும். யாராவது அவசரத்துக்கு அச்சைவிட உயரமான இடத்தில் சங்கிலியைக் கட்டி மரத்துண்டை இழுத்தால், டிராக்டரின் முன்சக்கரங்கள் தூக்கிக்கொண்டு வண்டி பின்பக்கமாகவே புரண்டுவிடலாம். இப்படி உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு.

வின்சின் கதையும் இதுதான். ஜீப்பின் முதுகெலும்பு அதன் சேசிஸ். இடமும் வலமும் ஓடும் இரண்டு எஃகுச் சட்டங்கள். வின்ச் எங்கே உட்கார்ந்தாலும், அதன் விசை கடைசியில் இந்தச் சட்டங்களைத்தான் வந்தடைய வேண்டும்.

கணக்கைப் போடுவோம்

3,600 கிலோகிராம் எடை என்பது, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், 36,000 நியூட்டன். கயிறு சேசிஸ் சட்டத்தின் மையக்கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்போம். திருப்புத்திறன் என்பது விசையைத் தொலைவால் பெருக்கினால் வருவது. ஆகவே:

36,000 × 0.30 = 10,800 நியூட்டன் மீட்டர்.

வின்சை 20 சென்டிமீட்டர் கீழே இறக்கினால் கயிறு மையக்கோட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்.

36,000 × 0.10 = 3,600 நியூட்டன் மீட்டர்.

மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இது போல்ட்டுகளுக்கு என்ன செய்தியைச் சொல்கிறது? வின்சைத் தாங்கும் தகட்டின் முன்வரிசைப் போல்ட்டுகளுக்கும் பின்வரிசைப் போல்ட்டுகளுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். தகடு முன்பக்கம் கவிழப் பார்க்கும்போது பின்வரிசைப் போல்ட்டுகள் மேல்நோக்கிப் பிடுங்கப்படும். முதல் நிலையில் அந்தப் பிடுங்கும் விசை 10,800 ÷ 0.20 = 54,000 நியூட்டன்; 5,400 கிலோகிராம் எடைக்குச் சமம். இரண்டாம் நிலையில் அது 18,000 நியூட்டன். 1,800 கிலோகிராம் எடைக்குச் சமம்.

முதல் எண்ணை மறுபடி பாருங்கள். வின்சின் இழுவிசையே 3,600 கிலோதான். ஆனால் பின்வரிசைப் போல்ட்டுகளுக்கு விழும் சுமை 5,400 கிலோ! நெம்புகோல் நமக்கு உதவுவது போலவே நமக்கு எதிராகவும் வேலை செய்யும். போல்ட்டுகளை முன்பக்கமாக நேரே தள்ளும் 36,000 நியூட்டன் விசை இரண்டு நிலையிலும் மாறாமல் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. தாழ்த்துவதால் குறைவது கவிழ்க்கும் விளைவு மட்டுமே.

அப்படியானால் இன்னும் கீழே, இன்னும் கீழே என்று இறக்கிக்கொண்டே போகலாமா? கூடாது. மையக்கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் கீழே போனால் 36,000 × 0.20 = 7,200 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் மறுபடி தோன்றும்; இம்முறை எதிர்த்திசையில். ஆகவே "தாழ்வாக இருப்பது நல்லது" என்பது சரியான விதியன்று. "சேசிஸ் கோட்டுக்கு அருகில் இருப்பது நல்லது" என்பதே சரியான விதி.

நண்பர் சொன்ன காரணங்கள்

என் நண்பர் இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. அவர் சொன்னவை வேறு. அவற்றையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

"கனம் கீழே இறங்கினால் ஜீப் கவிழாது" என்றார். கம்பிக் கயிற்றோடு வின்சின் நிறை ஏறக்குறைய 50 கிலோ. ஜீப்பின் நிறை 1,600 கிலோ என்போம். 50 கிலோவை 20 சென்டிமீட்டர் இறக்கினால் மொத்த வண்டியின் ஈர்ப்பு மையம் எவ்வளவு இறங்கும்? 50 × 20 ÷ 1,600. அரை சென்டிமீட்டரைவிடச் சற்று அதிகம். உண்மையான பயன்தான், ஆனால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதல்ல.

"முன்பக்க ஸ்பிரிங்கில் பாரம் குறையும்" என்றார். வண்டி சும்மா நிற்கும்போது குறையாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர், வின்ச் முன் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்போம். அப்போது முன் அச்சின் மேல் கூடும் சுமை 50 × 3.0 ÷ 2.4 = 62.5 கிலோ. பின் அச்சில் 12.5 கிலோ குறையும். சீசாப் பலகையின் கணக்குத்தான் இது. வின்ச் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

ஆனால் வின்ச் இழுக்கும்போது கதை வேறு. கயிறு முன்னோக்கி இழுக்கிறது. சேறு சக்கரங்களைத் தரைமட்டத்தில் பின்னோக்கிப் பிடிக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து ஜீப்பின் மூக்கைக் கீழே அழுத்தும். கயிறு 20 சென்டிமீட்டர் இறங்கினால், முழு விசையில் அந்த அழுத்தம் 36,000 × 0.20 ÷ 2.4 = 3,000 நியூட்டன் குறையும். அதாவது 300 கிலோ. சேற்றில் புதைந்த முன்சக்கரம் மேலும் புதைவதையா நாம் விரும்புகிறோம்? ஆகவே நண்பர் சொன்னது சரி. அவர் சொன்ன நேரம்தான் தவறு.

"ரேடியேட்டருக்குக் காற்று வரும்" என்றார். இது முற்றிலும் சரி. மலையேற்றத்தில் முதல் கியரில் மெல்ல ஊரும் வண்டிக்கு முன்னாலிருந்து கிடைக்கும் காற்றே குறைவு. அதையும் ஒரு வின்ச் மறைத்தால் எஞ்சின் சூடாகும். முகப்பு விளக்கின் ஒளியும் மறையாமல் இருக்கும்.

கொடுக்கும் விலை

எந்த மாற்றமும் இலவசமாக வருவதில்லை. வின்சைத் தாழ்த்த இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, பம்பரை வெட்டி அதனுள் அமர்த்துவது. மற்றொன்று, பம்பரையே கீழே இறக்குவது அல்லது வின்சைப் பம்பருக்குக் கீழே தொங்கவிடுவது.

இரண்டாம் வழியை முதலில் பார்ப்போம். முன் டயரைத் தொட்டபடி பம்பரின் கீழ் விளிம்புவரை ஒரு கோடு இழுத்தால், அது தரையோடு ஒரு கோணத்தை உண்டாக்கும். அதுதான் அணுகு கோணம். அதைவிடச் செங்குத்தான மேட்டில் ஏறப் போனால், சக்கரம் ஏறுவதற்கு முன் பம்பர் மண்ணில் முட்டிவிடும். இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு இந்தக் கோணம் 45 பாகை. அந்தக் கோடு தரையைத் தொடும் புள்ளியிலிருந்து நம் ஜீப்பின் பம்பர் விளிம்பு 50 சென்டிமீட்டர் முன்னேயும் 50 சென்டிமீட்டர் உயரத்திலும் இருந்தால் கோணம் 45 பாகை. விளிம்பு 15 சென்டிமீட்டர் இறங்கினால் 35 ÷ 50 = 0.7, கோணம் ஏறக்குறைய 35 பாகையாகிவிடும். சேற்றிலிருந்து மீள்வதற்காக வின்சை இறக்கி, மேட்டில் ஏறும் திறனை இழப்பது கெட்டிக்காரத்தனமா? தவிர, தாழ்ந்த வின்ச் ஓடையைக் கடக்கும்போது முதலில் நீரில் மூழ்கும். மின்மோட்டாருக்குச் சேற்று நீர் நண்பன் அல்ல.

முதல் வழியில், அதாவது வெட்டுவதில், வேறொரு விலை இருக்கிறது. உங்கள் அளவுகோலைத் தட்டையாகப் பிடித்து வளையுங்கள், எளிதாக வளையும். விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்திப் பிடித்து வளையுங்கள், வளையவே வளையாது. வளைவை எதிர்ப்பதில் உயரத்துக்கு அவ்வளவு பங்கு. ஒரே தடிப்புள்ள பட்டையில் இந்த வலிமை உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரத்தைப் பாதியாக வெட்டினால் வலிமை பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. பட்டறைக்காரர் சாக்பீஸால் போட்ட சதுரம் பம்பரின் பாதி உயரத்துக்கு மேல் போயிருந்தது!

வெட்டின் மூலையும் முக்கியம். துணிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறு வெட்டு ஒன்று போட்டால் போதும். பிறகு கையால் இழுத்ததும் துணி அங்கிருந்தே நேராகக் கிழிந்து செல்லும். கூரிய மூலையில் விசை குவிவதே காரணம். இரும்பிலும் அப்படித்தான். கூர்மூலையோடு வெட்டிய பம்பரில் விரிசல் அந்த மூலையிலேயே பிறக்கும். மூலையில் முதலில் துளை போட்டு, வளைவாக வெட்டினால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

உயிர் எங்கே இருக்கிறது?

ஒரு தகடு வளைந்தால் என்ன, மறுபடி தட்டி நேராக்கிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். முழு விசையில் இழுபடும் கம்பிக் கயிறு ஒரு பெரிய வில்லின் நாண் போன்றது. நீண்டிருக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. போல்ட் பிய்த்துக்கொண்டால் அந்த ஆற்றல் முழுவதும் கணப்பொழுதில் வெளியேறும். கயிறு சாட்டை போல் வீசும். பிய்ந்த இரும்புத் துண்டும் அதோடு பறக்கும். புதைந்த வண்டியைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க நிற்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். நான் கணக்குக் கேட்பது இரும்புக்காக அல்ல; அவர்களுக்காக. வின்ச் இழுக்கும்போது கயிற்றின் நீளத்துக்கும் மேலான தொலைவில் நில்லுங்கள். இழுபடும் கயிற்றை ஒருபோதும் தாண்டாதீர்கள்.

சாலையைப் பற்றியும் ஒரு சொல். இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வண்டிகளின் முன்னால் பொருத்தும் இரும்புத் தடுப்புக் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி 2017-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. காரணம் இல்லாமல் இல்லை. இன்றைய வண்டியின் முன்பகுதி, மோதலின்போது சிறிது சிறிதாக நசுங்கி ஆற்றலை உறிஞ்சும்படி அமைக்கப்பட்டது. அதன் முன்னால் நசுங்காத இரும்பை வைத்தால், அடி உள்ளே இருப்பவர்மேலும் நடந்து போகிறவர்மேலும் விழும். சேறே காணாத நகர வீதியில் அழகுக்காக வின்ச் பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன். தேவைப்படுகிறவர்கள் வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்டறிந்து செய்யட்டும்.

அனுபவமும் ஏடும்

"பட்டறைக்காரரின் முப்பது வருட அனுபவத்தைவிட உங்கள் ஏட்டுக் கணக்கு பெரிதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எந்த வெல்டு பிடிக்கும், எது பிடிக்காது என்பதைப் பொறியின் நிறத்தையும் ஓசையையும் வைத்தே சொல்லிவிடுபவர் அவர். அந்த அறிவு என்னிடம் இல்லை. ஆனால் அனுபவம் என்பது உடைந்துபோனவற்றிலிருந்து கற்ற பாடம். வாயிற்கதவு உடைந்தால் பாடம் மலிவு. 3,600 கிலோ இழுக்கும் கயிறு பிய்ந்தால் அந்தப் பாடத்தின் விலையை யார் கொடுப்பது? உடையும் முன்பே கற்றுக்கொள்ளும் வழிதான் கணக்கு.

குறை பட்டறையின் பக்கம் மட்டும் இல்லை. நம் பக்கமும் இருக்கிறது. திருப்புத்திறனை வகுப்பில் கதவின் கீலோடு தொடங்கி, கதவின் கீலோடு முடித்துவிடுகிறோம். தேர்வில் மதிப்பெண் வாங்கியதும் அது நோட்டுப்புத்தகத்திலேயே தங்கிவிடுகிறது. நாளை பட்டறையில் கட்டிங் குழாயைப் பிடிக்கப் போகும் மாணவனும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான். அது தன் கைக்கு உதவும் அறிவு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பட்டறையின் சுவரிலேயே கரித்துண்டால் மேலே சொன்ன கணக்கைப் போட்டேன். பட்டறைக்காரர் பொறுமையாகப் பார்த்தார். 5,400 என்ற எண் வந்ததும், குழாயின் தீயை அணைத்தார். "அப்போ பம்பர்மேல பாரத்தையே விடக்கூடாது சார். ரெண்டு சேசிசுக்கும் நடுவுல தடிமனா ஒரு தகடு போட்டு அதுல உட்கார வைப்போம். பம்பர் சும்மா மூடி மாதிரி நிக்கட்டும்" என்றார்.

நான் சொல்ல நினைத்ததைவிட அது சிறந்த யோசனை. விசை போகும் பாதையை ஒரே நொடியில் கண்டுகொண்டார். பிறகு அட்டையில் அச்சு வெட்டி, வண்டியில் வைத்துப் பார்த்து, உருளையிலிருந்து கயிறு வெளிவரும் வழிகாட்டி எங்கும் உரசாமல் நேராக அமைகிறதா என்று சரிபார்த்து, அதன் பின்னரே இரும்பைத் தொட்டார். பம்பரின் கீழ் விளிம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. வேலை ஒரு நாளுக்குப் பதில் மூன்று நாள் ஆயிற்று. என் நண்பர் கொஞ்சம் முணுமுணுத்தார்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊரில் எதையாவது இழுக்கும், தூக்கும் பொறி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்: டிராக்டர், கிரேன், கட்டட வேலையிடத்துக் கப்பி, எதுவானாலும் சரி. அது ஓடாமல் நிற்கும் நேரத்தில், உரியவரிடம் அனுமதி கேட்டு, கொக்கி எந்த உயரத்தில் இருக்கிறது, அதைத் தாங்கும் போல்ட்டுகள் எங்கே இருக்கின்றன என்று அளந்து படம் வரையுங்கள். விசை எந்த வழியே போகிறது என்று அம்புக்குறி போடுங்கள். யாராவது "இரும்புதானே, தாங்கும்!" என்று சொன்னால், "எவ்வளவு தாங்கும்?" என்று மரியாதையோடு கேளுங்கள்.